முற்றும் வரை கேள்

குழாயில் வரும் நீருக்குக் குடக் கணக்குத் தெரியாது. குடம் நிரம்பியதா இல்லையா என்று பார்ப்பது குடம் வைத்தவர் கடமை. இந்த எளிய உண்மையை ஒரு நிரல் மறந்ததால், எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவரின் ஈராண்டு உழைப்பே ஐயத்துக்கு உள்ளாயிற்று. கணினி பயிலாத அன்பர்களும் தயங்காமல் படிக்கலாம். குழாயடியை அறிந்தவர்க்கு இது விளங்காத செய்தியன்று.

வங்காள நண்பர் ஒருவர் பத்துக் கருவிகளை வைத்து வெப்பநிலை அளந்து வந்தார். ஒவ்வொரு கருவியும் நிமிடத்துக்கு ஒரு முறை 300 அளவுகளைச் சாக்கெட் வழியே சர்வருக்கு அனுப்பும். சர்வர் நிரல் முன்பு படித்துச் சென்ற ஒருவர் எழுதியது. கருவி ஒன்றுக்கு ஒரு த்ரெட், அதாவது ஓர் இழை, என்று பத்து இழைகள் அதில் ஓடும். 25.42 டிகிரி என்று சீராகச் செல்லும் வரிசையில் திடீரென்று 0.42 தலைகாட்டும். "கம்பியைப் பற்றவைக்கத் தெரியவில்லை" என்று பலர் முன் சொல்லப்பட்டபோது நண்பரின் முகம் வாடியது. வேண்டாத எண்களை நீக்கிவிட்டு ஆய்வேட்டை எழுதலாமே என்று சிலர் யோசனையும் கூறினர்.

நிரலை ஆராயும் பணி என்னிடம் வந்தது. பத்து இழைகள் ஒன்றையொன்று இடிக்கின்றன என்பதே பலரின் முடிவு. ஒரே ஒரு கருவியை மட்டும் இணைத்துப் பார்த்தேன், அப்போதும் 0.42 வந்தது. இழைகள் இடித்துக்கொள்ளவில்லை. பிறகு, ஒவ்வொரு முறையும் சர்வர் எதைப் படிக்கிறது என்று திரையில் அச்சிடச் செய்தேன். மருத்துவரைக் கண்டதும் ஓடும் பல்வலி போலப் பிழை மறைந்துவிட்டது!

வலையில் வரும் பைட்டுகளை அப்படியே பதிவு செய்து பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. கருவி 25.42 என்றே அனுப்பியிருந்தது; ஆனால் அது இரண்டு பொதிகளில் வந்திருந்தது. ஈதர்நெட் பொதி ஒன்று சுமப்பது 1500 பைட். தலைப்புகளுக்கு 40 போனால் மிச்சம் 1460. ஓர் அளவுக்கு வரிமுடிவுக் குறியுடன் 6 பைட். 300 அளவுகளுக்கு 1800. முதற்பொதியில் 243 அளவுகள் முழுதாக ஏறின. எஞ்சிய இரண்டு பைட் இடத்தில் '25' மட்டும் தொற்றிக்கொண்டது. '.42' அடுத்த வண்டியில் வந்தது.

வின்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த டி.சி.பி. முறை, பைட்டுகள் வரிசை மாறாமல் வந்து சேர வழி செய்கிறது. ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதை அது சொல்வதில்லை. நம் ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடம் விடுவதில்லை. பிரித்தறிவது படிப்பவர் பொறுப்பு. இங்கும் அப்படியே. நமது நிரலோ, ஒரு முறை படித்தால் ஒரு முழுச் செய்தி என்று நம்பியிருந்தது. அச்சிடும் தாமதத்தில் இரண்டாம் பொதியும் வந்து சேர்ந்ததால்தான் பிழை ஒளிந்துகொண்டது.

மருந்து சிறியதே. வரிமுடிவுக் குறி வரும் வரை படிக்க வேண்டும். மிச்சத்தை எறியாமல் அடுத்து வருவதோடு சேர்க்க வேண்டும். இழைகளின் மேல் கவனம் தேவைப்படுவது இங்கேதான்: அந்த மிச்சத்தை ஒவ்வோர் இழையும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். பொதுவில் வைத்தால் ஒரு கருவியின் வால் மற்றொன்றின் தலையில் ஒட்டிக்கொள்ளும்.

பழைய பதிவுகளைத் திறந்தோம். 0.42 இருந்த நிமிடங்களில் எல்லாம் 300-க்குப் பதில் 301 எண்கள் இருந்தன. அதற்கு முன்னால் 25 நின்றது. இரண்டையும் இணைத்தோம். ஈராண்டு அளவுகளும் பிழைத்தன. 0.42-ஐ நீக்கியிருந்தால், கண்ணில் படாத அந்த 25 என்ற பொய் ஆய்வேட்டில் என்றென்றும் தங்கியிருக்கும்.

'போக' என்ற சொல்லை மட்டும் கேட்டுவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்று தமிழர் எவரும் முடிவு செய்வதில்லை. வினை முற்றும் வரை காத்திருக்கிறோம். பல மொழியினர் கூடி வாழும் இவ்விடத்தில், தட்டுத் தடுமாறிப் பேசும் மனிதரிடமும் அந்தப் பொறுமையைக் காட்டலாம் அல்லவா? நண்பரின் கைத்திறனைப் பழித்தவர்கள் இரண்டு பைட்டை மட்டுமே கேட்டுத் தீர்ப்பளித்தார்கள். அவர் பற்றவைத்த கம்பிகள் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.