பத்து மாத வீட்டுப் பள்ளி

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர்க்கு மாற்றல் உத்தரவு புதிதன்று. பாத்திரம் பண்டங்களை ஒரே நாளில் கட்டி ஏற்றிவிடலாம். குழந்தையின் படிப்பை நடுவில் அவிழ்த்து வேறோரிடத்தில் கட்டுவதுதான் அரிது. அந்த இக்கட்டு எங்களுக்கும் நேர்ந்தது. அதில் நாங்கள் அறிந்துகொண்டது பிற குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால் இதனை எழுதுகிறேன்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். சென்ற ஆண்டு மார்ச்சு மாத நடுவில் கரக்பூரிலிருந்து கொல்கத்தாவுக்கு மாற்றலாகி, டாக்குரியா ரயில் நிலையத்தருகே குடியேறினோம். இம்மாநிலப் பள்ளிகளில் ஜனவரியிலேயே ஆண்டு தொடங்கிவிடுகிறது. நாங்கள் சென்று கேட்ட பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பில் இடமில்லை என்றனர்; இடமிருந்த ஒரு பள்ளியின் கட்டணமோ என் சம்பளத்துக்கு எட்டவில்லை. அடுத்த ஜனவரி வரை மகளை வீட்டிலேயே படிப்பிப்பதென்று நானும் என் மனைவியும் எண்ணினோம்.

ஊரிலிருந்த என் தமையனார் தொலைபேசியில், "தம்பி, பெண்ணின் ஓராண்டைப் பாழாக்காதே. அவளையும் தாயையும் இங்கே அனுப்பிவிடு" என்றார். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. ஆயினும் குடும்பத்தை இரண்டாகப் பிரிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. இதில் மற்றொரு கவலையும் கலந்திருந்தது. பத்து வயதான எங்கள் மகள் தமிழ் பேசுவாள், படிக்க அறியாள். சோறு கேட்கவும் பாட்டியிடம் நலம் விசாரிக்கவும் தமிழ். அறிவு சார்ந்த அனைத்துக்கும் ஆங்கிலம் என்று அவள் மனத்தில் பாகப்பிரிவினை நடந்துவிட்டது.

வீட்டில் கற்றல் இந்நகரத்துக்கு அந்நியமன்று. கவி ரவீந்திரர் பள்ளியில் மனம் ஒட்டாமல் பெரும்பாலும் வீட்டிலேயே கற்றவர். பின்னாளில், 1901ஆம் ஆண்டில், சாந்திநிகேதனில் தாமே ஒரு பள்ளி கண்டார். 1921இல் பிறந்த திரைப்பட மேதை சத்யஜித் ராய் எட்டு வயதளவும் தம் அன்னையாரிடமே படித்து, அதன் பிறகே பாலிகஞ்சு அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் அவை கல்வியிற் சிறந்த குடும்பங்கள். நமக்கு நெருங்கிய முன்மாதிரி தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1910ஆம் ஆண்டு ஜோகானஸ்பர்க் நகருக்கு அருகே, நண்பர் காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில், காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகள் அந்நாட்டிலேயே பிறந்தவர்கள். தமிழ் எழுத்தே அறியாதவர்கள். குஜராத்தியரான காந்தியடிகள், கப்பற் பயணத்திலும் சிறையிலும் தாம் கற்ற சிறிதளவு தமிழைக் கொண்டு, அவர்களுக்கு எழுத்தும் இலக்கணத் தொடக்கமும் கற்பித்தார். தோட்ட வேலையும் தச்சும் செருப்புத் தைத்தலும் அங்கே பாடங்களாயின. இதை என் மனைவியிடம் கூறியபோது அவள், "எனக்குத் தெரியாததை அவளோடு சேர்ந்து நானும் படிக்கிறேன். அதில் என்ன குறை?" என்றாள். அன்றே எங்கள் பள்ளி தொடங்கிற்று.

காலையில் இரண்டு மணி நேரம் தாயாரிடம் தமிழும் கணக்கும். லேக் மார்க்கெட்டில் வாங்கிய கறிவேப்பிலை, முருங்கைக்காய் முதலியவற்றின் விலைச் சிட்டையே கணக்குப் புத்தகம். 350 கிராமுக்கு எவ்வளவு, மீதிச் சில்லறை எவ்வளவு என்று தினமும் எழுதுவாள். பிற்பகலில் அண்டை வீட்டு வங்காள மூதாட்டியாரிடம் வங்க எழுத்து. 'மாஷிமா' என்று அவரை அழைக்கும் எங்கள் மகள், அவருக்குப் பதிலாகத் தமிழ் எண்களைச் சொல்லிக்கொடுத்தாள். இரவில் என் முறை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ரயில்வேதான்.

ஒருநாள் அவள், "அப்பா, பாட்டி கதையில் ரயில் 'தடக் தடக்' என்று போகிறதே, டாக்குரியாவில் ஏன் அப்படிக் கேட்பதில்லை?" என்று வினவினாள். எனக்கு விடை தெரியவில்லை. தண்டவாளப் பராமரிப்பில் பணிபுரியும் நண்பர் ஒருவரைக் கேட்டு வந்து விளக்கினேன். முற்காலத்தில் 13 மீட்டர் நீளத் தண்டவாளங்களை இடைவெளி விட்டுப் பூட்டினர். 1 மீட்டர் எஃகு 1 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் நீளும். 30 பாகை ஏறினால் 13 மீட்டர் தண்டவாளம் எவ்வளவு நீளும்? அவளே பெருக்கி, 4.68 மில்லிமீட்டர் என்றாள். அந்த நீட்சிக்கு இடம் தரும் சந்தில் சக்கரம் ஏறி இறங்கும் ஓசைதான் பாட்டியின் 'தடக்'. இப்போது தண்டவாளங்களை நெடுந்தூரம் பற்றவைத்துவிடுகின்றனர். குறுக்குக்கட்டையும் கவ்விகளும் சரளைக்கல்லும் அவற்றை நகரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. இவ்வளவையும் அவள் தமிழில் கேட்டு, தமிழில் குறித்துக்கொண்டாள். பாகப்பிரிவினைச் சுவரில் ஒரு செங்கல் அன்று பெயர்ந்தது.

மழைக்காலம் வந்தது. பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்புறத்தை அறுத்து, தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாக்கி, பக்கத்தில் அளவுகோலை ஒட்டி மொட்டைமாடியில் வைத்தோம். நாள்தோறும் மழையளவைக் குறித்து, செய்தித்தாளில் வரும் அலிப்பூர் வானிலை நிலையக் கணக்கோடு ஒப்பிட்டாள். இரண்டும் ஒத்துவராத நாட்களே மிகுதி. ஒரே நகரத்தில் ஒரு பேட்டையில் பொழியும் மழை அடுத்த பேட்டையில் பொழிவதில்லை என்பதை அவளாகவே உணர்ந்தாள்.

ஞாயிறு மாலைகளில் ஏரிக்கரைக்குப் போவோம். டாக்குரியா ஏரி இயற்கையானதன்று. 1920களில் கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்ட் சதுப்பு நிலத்தைக் கையகப்படுத்தி வெட்டுவித்தது. 1958இல் அதற்கு ரவீந்திர சரோவர் என்று பெயர் மாற்றினர். நீர்ப்பரப்பு 73 ஏக்கர்; அதாவது ஏறக்குறைய 2,95,000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 10 மில்லிமீட்டர் மழையில் ஏரியின்மீது விழும் நீர் ஏறக்குறைய 29½ லட்சம் லிட்டர் என்று கணக்கிட்டவள், அன்று முழுதும் அந்த எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூஜை விடுமுறையில் ஹூக்ளி நதிக்கு அக்கரையிலுள்ள சிப்பூர் தாவரவியல் தோட்டத்துக்குச் சென்றோம். 1787இல் ராபர்ட் கிட் என்பார் நிறுவிய தோட்டம் அது. அங்குள்ள பேராலமரத்தின் நடு அடிமரம் புயல்களுக்குப் பின் பூசணம் பிடித்துக் கெட்டதால், 1925இல் அதை வெட்டி நீக்கினர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட விழுதுகளால் மரம் இன்றும் தழைத்து நிற்கிறது. "தாய்மரம் போய்விட்டதே, இது இன்னும் அதே மரந்தானா?" என்று கேட்டாள் மகள். "விழுது மண்ணைத் தொட்டால் வேராகிவிடும். மேலே பார், கிளைகள் எல்லாம் ஒன்றாகத்தானே இருக்கின்றன" என்றாள் தாய். நான் ஒன்றும் கூறவில்லை. ஊர்விட்டு வந்தவர்களுக்கு அதன்மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

குறைகளையும் மறைத்தல் கூடாது. ஆங்கில எழுத்துக்கூட்டல் பின்தங்கிற்று. அதனினும் பெரிது தோழமையின்மை. காலையில் சீருடையணிந்து செல்லும் சிறுமிகளைச் சன்னலோரம் நின்று பார்ப்பாள். நவம்பரில் அவளே, "நானும் பள்ளிக்குப் போகிறேன் அப்பா" என்றாள். அவள் விருப்பமே எங்கள் முடிவாயிற்று. 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தை பள்ளியில் சேராதிருந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவேண்டும் என்கிறது. இந்த ஜனவரியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள், ஆண்டு வீணாகவில்லை. வீட்டிலேயே தொடர விரும்புவோர்க்கு 1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது; 14 வயது நிறைந்தோர் அதன்வழிப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

பள்ளியில் சேருமுன் அவள் பாட்டிக்குத் தன் கையால் முதல் தமிழ்க் கடிதம் எழுதினாள். பொருள், ரயில் ஏன் 'தடக் தடக்' என்று போவதில்லை என்பதே. பாட்டியார் அதைத் தெருவார்க்கெல்லாம் படித்துக்காட்டினாராம். தமையனார் தொலைபேசியில், "4.68 என்பது சரிதானா என்று நானும் பெருக்கிப் பார்த்தேன்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்பர்களே, எல்லாரும் பிள்ளைகளைப் பள்ளியினின்று நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நம்மில் ஆலையில் உழைப்போர் உண்டு. வங்கியிலும் கடையிலும் பணிபுரிவோர் உண்டு. சமையலையே தொழிலாகக் கொண்டோரும் உண்டு. ஒவ்வொருவர் கையிலும் பாடப்புத்தகத்தில் இல்லாத அறிவு இருக்கிறது. வாரத்தில் ஓரிரவு, அதை நம் பிள்ளைகளுக்கு நம் தமிழில் எடுத்துச் சொல்வோம். விடை தெரியாத கேள்வியைக் கேட்டால், நாளை விசாரித்துச் சொல்கிறேன் என்போம். சொன்னபடி விசாரித்தும் வருவோம். வீட்டு மொழி அறிவு மொழியாகவும் நிலைபெற அதைவிட எளிய வழியை நான் அறியேன்.