காண்பதற்காக ஒரு கொழும்புப் பயணம்

யாழ்ப்பாணத்தார் கொழும்புக்குப் போவதற்குக் காரணங்கள் பல உள. தூதரகத்திலே விசா அலுவல் இருக்கும். கண் வைத்தியரைக் காண வேண்டியிருக்கும். வெள்ளவத்தையிலே மண்டபம் எடுத்து உறவினர் கலியாணம் செய்வர். கடல் கடந்து போகின்ற ஒருவரை வழியனுப்ப வேண்டியிருக்கும். அலுவல் முடிந்த அன்றிரவே பேருந்தில் ஏறித் திரும்பிவிடுகின்றோம். நாற்பது வயது கடந்த பின்னரும் நாம் அவ்வாறே போய் வந்துகொண்டிருந்தோம். கொழும்பிலே பார்ப்பதற்கு என்ன உண்டென்று மாணவர் எவரேனும் கேட்டால், காலிமுகத்திடலையும் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையையும் சொல்லி அமைவதே எமது வழக்கமாயிருந்தது.

அவ்வழக்கத்தை மாற்றியது 2023ஆம் ஆண்டின் முற்பகுதியிலே எமது வீட்டில் எழுந்த ஒரு பிணக்கு. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த எம் மகள், உயர்தர வகுப்பிலே சித்திரத்தை ஒரு பாடமாக எடுக்கப்போவதாகச் சொன்னாள். நாம் வர்த்தகப் பிரிவை மனத்திலே கொண்டிருந்தோம். “படம் கீறிச் சீவித்தவர் எங்கள் ஊரிலே எத்தனை பேர்?” என்று கேட்டோம். அவள் மறுமொழி சொல்லவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவுமில்லை. ஈற்றில் எம் மனைவியாரே வழி சொன்னார். “கொழும்பிலே வருசத்துக்கு ஒருக்கால் தெருவெல்லாம் படம் வைப்பார்களென்று அண்ணா சொன்னவர். அவளைக் கூட்டிக்கொண்டுபோய் ஒருக்கால் காட்டுங்கோ. பிறகு நீங்கள் சொல்லுகிறதை அவளும் கேட்பாள்.” அங்கே வறிய ஓவியர் பலரைக் கண்டால் மகளின் எண்ணம் மாறிவிடுமென்று நாமும் உள்ளூர நினைத்தே புறப்பட்டோம்.

மைத்துனர் சொன்ன அந்நிகழ்ச்சியின் பெயர் ‘கலா பொல’ என்பதாகும். பொல என்பது சிங்களத்திலே சந்தையைக் குறிக்கும். எனவே இது கலைச்சந்தை. ஜோர்ஜ் கீற் மன்றத்தின் முயற்சியால் 1993இல் இது தொடங்கிற்று. இலங்கையின் பெயர்பெற்ற ஓவியராகிய ஜோர்ஜ் கீற் தமது தொண்ணூற்றிரண்டாவது வயதிலே மறைந்ததும் அவ்வாண்டேயாம். பெரும்பாலும் ஜனவரி அல்லது பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலே, விகாரமகாதேவி பூங்காவை அடுத்த வீதியில் இச்சந்தை கூடுகின்றது. முன்னாளிலே ‘கிறீன் பாத்’ என வழங்கிய அவ்வீதிக்குப் பின்னர் ஆனந்த குமாரசுவாமியின் பெயர் இடப்பட்டது; 2011இல் தாமரைத் தடாக அரங்கு திறக்கப்பட்டதையொட்டி அதன் ஒரு பகுதி ‘நெலும் பொக்குண மாவத்தை’ ஆயிற்று. கொழும்பிலே 1877இல் சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராய்ப் பிறந்து, கீழைத்தேயக் கலையின் பெருமையை உலகறியச் செய்த அறிஞரின் பெயர்கொண்ட வீதியிலே ஓவியர் கூடுவது பொருத்தமேயன்றோ.

நுழைவுச்சீட்டு இல்லை, வாயிற்காவலர் இல்லை. பெருமரங்களின் நிழலிலே, பூங்காவின் வேலியோரமாகவும் நடைபாதையிலும் நூற்றுக்கணக்கான ஓவியரும் சிற்பியரும் தத்தம் ஆக்கங்களைப் பரப்பியிருந்தனர். கண்டிப் பெரஹராவின் யானைகள், மீன்பிடி வள்ளங்கள், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள், என்னவென்று எமக்கு விளங்காத நிறக்கோலங்கள், மரச்செதுக்கல்கள் என யாவும் அங்கு இருந்தன. சில நூறு ரூபாவுக்கு விற்ற சிறு படங்களும் இருந்தன. விலை கேட்க நாம் துணியாதனவும் இருந்தன. ஒவ்வொரு படத்தின் அருகிலும் அதனைக் கீறியவரே நிற்கிறார் என்பது இச்சந்தையின் தனிச்சிறப்பு. கேட்க விரும்புவதை அவரிடமே கேட்கலாம். பிள்ளையைத் தோளிலே சுமந்த தந்தையரும், ஐஸ்கிறீம் கையிலேந்திய சிறுவரும் கூச்சமின்றி நின்று கேட்டதைக் கண்டோம்.

குளக்கட்டுக் காட்சிகளை நீர்வண்ணத்திலே தீட்டியிருந்த முதியவர் ஒருவரின் முன்னே மகள் நெடுநேரம் நின்றாள். அவர் குருநாகல் பக்கத்துப் பாடசாலை ஒன்றிலே சித்திரம் கற்பிப்பவர். எம்முடன் ஆங்கிலத்திலே பேசினார். மகளின் கையிலிருந்த சித்திரக் கொப்பியை வாங்கித் தாள் தாளாகப் புரட்டி, பனங்கூடல் ஒன்று கீறப்பட்டிருந்த பக்கத்திலே நிறுத்தினார். “மகளே, இங்கே பதினொரு பனை நிற்கின்றது, ஆனால் எல்லாம் ஒரே மரம். எந்த மரத்தைப் பார்த்துக் கீறினாய்?” என்றார். நாம் மொழிபெயர்த்துச் சொன்னோம். “பார்த்துக் கீறவில்லை, நினைத்துத்தான் கீறினேன்” என்றாள் மகள். “காய்ந்த ஓலை எங்கே? காற்று எந்தப் பக்கத்தாலே வருகின்றது? உங்கள் ஊர்ப் பனைக்கு அடி பருமனா, நடு பருமனா?” என அவர் அடுக்கடுக்காய்க் கேட்டார். கேள்விகள் மகளிடம் கேட்கப்பட்டனவாயினும், விடை தெரியாது நின்றோர் இருவர். எமது வீட்டு வாயிலிலே மூன்று பனைகள் நிற்கின்றன. பிறந்த நாள் தொட்டு அவற்றைக் கடந்தே நடந்து வந்திருக்கின்றோம்.

நண்பகல் வெயில் ஏறவே, நடைதூரத்திலுள்ள தேசிய நூதனசாலைக்குப் போனோம். ஆளுநர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் 1877 ஜனவரி முதலாந் திகதி திறக்கப்பட்ட அவ்வெண்ணிறக் கட்டடத்தைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் கட்டட நிபுணர். காலியிலே 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அங்கே உளது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொணர்ந்த அக்கல் 1409ஆம் ஆண்டுக்குரியது. அதிலே சீனம் புத்தபெருமானையும், தமிழ் தெய்வேந்திரமுனையிலே கோயில்கொண்ட தேனாவரை நாயனாரையும், பாரசீகம் இஸ்லாத்தையும் போற்றி நிற்கின்றன.

அதனைக் கடந்து வெண்கலத் திருவுருவங்களின் முன் வந்து நின்றோம். பொலனறுவைச் சிவாலயத்து அகழ்விலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்ட நடராசரும் நாயன்மாரும் அங்கே எழுந்தருளியிருக்கின்றனர். சேர் பொன்னம்பலம் அருணாசலமும் ஆனந்த குமாரசுவாமியும் எழுதிப் புகழ்ந்த உருவங்கள் இவை. நாம் இருபது ஆண்டுக்கு மேலாக இந்து நாகரிகம் கற்பித்து வருபவர். பொலனறுவை வெண்கலங்கள் பற்றி ஆண்டுதோறும் குறிப்புக் கொடுத்தவர். ஆகவே மகளுக்கு விளக்கஞ் சொல்லத் தொடங்கினோம். அவள் இடையிலே, “அப்பா, நீங்கள் இதை எத்தனை தரம் வந்து பார்த்திருக்கிறீங்கள்?” என்று கேட்டாள். “இதுதான் முதற்றரம்” என்றோம். அவள் குறை சொல்லவில்லை. எமக்குத்தான் முகம் கறுத்துவிட்டது. புத்தகத்து மங்கிய படத்திலே கையளவாய்க் கண்ட உருவம் கண்ணெதிரே நிற்க, எமது குறிப்பிலே சொல்லப்படாதவை எத்தனையோ தெரிந்தன. ஆண்டுகளையும் இலக்கணங்களையும் சரியாகத்தான் எழுதியிருந்தோம். நாயனாரின் முகத்திலே பொலிந்த அமைதியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை, கண்டிருந்தாலன்றோ எழுதுவதற்கு!

பிற்பகலிலே கில்ட்போர்ட் கிறெசன்ரிலுள்ள லயனல் வென்ற் கலையரங்கை எட்டிப் பார்த்தோம். புகைப்படக் கலைஞராகவும் பியானோ வித்தகராகவும் விளங்கிய லயனல் வென்ற் 1944இல் மறைந்தார். அவருடைய நினைவாக 1953இல் எழுந்தது அவ்வரங்கு. ‘நாற்பத்து மூன்று குழு’ என இலங்கை ஓவிய வரலாற்றிலே பேசப்படும் இயக்கம், வென்றின் முயற்சியால் 1943இல் உருவானதாகும். ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தெரணியகல, மஞ்சுசிறி தேரர் ஆகியோர் அக்குழுவினர். ஹரி பீரிஸ் வாழ்ந்த பார்ன்ஸ் பிளேஸ் இல்லமே, அக்குழுவினரின் ஓவியங்களைப் பேணும் சப்புமல் மன்றமாக விளங்கியது. கீற் சுவரிலே தீட்டிய புத்தர் சரிதத்தைக் காண விரும்புவோர் பொரளையிலுள்ள கோதமி விகாரைக்குச் செல்லலாம்.

மாலையிலே மீண்டும் சந்தைக்கு வந்து, குருநாகல் ஆசிரியரிடம் குளக்கட்டுப் படம் ஒன்றை வாங்கினோம். மகள் சற்று விலகிப் போன வேளையிலே, எம் மனத்தை அரித்த கேள்வியைக் கேட்டுவிட்டோம்: “இது உங்களுக்குச் சோறு போடுகின்றதா?” அவர் சிரித்தார். “இல்லை, சேர். படிப்பித்தல் சோறு போடுகின்றது. இங்கே விற்றால் பேருந்துக் காசு மிஞ்சும்; சில வருடம் ஒன்றும் விற்பதில்லை. ஆனால் இன்றைக்கு ஆயிரம் பேர் நின்று பார்த்தார்கள்.” ஓவியத்தாலே செல்வந்தரானேன் என்று அவர் சொல்லியிருந்தால் நாம் நம்பியிருக்கமாட்டோம். உள்ளதைச் சொன்னமையால் எமது வாதம் வலியிழந்தது. அவர் செய்யும் தொழிலும் நாம் செய்யும் தொழிலும் ஒன்றேயன்றோ. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து இராமநாதன் நுண்கலைப் பகுதியிலும், மட்டக்களப்பிலே சுவாமி விபுலானந்தரின் பெயரால் அமைந்த அழகியற் கற்கை நிறுவகத்திலும், கொழும்பிலே கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்திலும் சித்திரத்தைப் பட்டம் வரை கற்கலாம் என்பது எமக்குத் தெரியாததன்று. தெரிந்தும் மகளுக்குச் சொல்லாதிருந்தோம்.

அதன் பின்னர் வேறு பருவங்களிலும் குடும்பத்தோடு கொழும்புக்குச் சென்றோம். நேயர்களுக்கு உதவுமென எண்ணி அப்பருவங்களை இங்கே குறிப்பிடுகின்றோம். பெப்ரவரிப் பூரணையை ஒட்டி, கங்காராம விகாரையின் நவம் பெரஹரா 1979 முதலாக வீதியுலா வரத் தொடங்கியது. மே மாதத்து வெசாக் பூரணையிலே நகரமெங்கும் மூங்கிற் சிம்பும் நிறத்தாளும் கொண்டு செய்த வெசாக் கூடுகள் ஒளிரும். ஜாதகக் கதைகளைப் படம் படமாகத் தீட்டிய மின்விளக்குத் தோரணங்களையும் அப்போது காணலாம். தன்சல்களிலே வழிப்போக்கர் எவருக்கும் உணவும் பானமும் தருவர். ஆடி மாதத்திலே செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி நடைபெறும் ஆடிவேல் விழா எம்மவர்க்குரியது. செப்டெம்பரிலே பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்திலே சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நடைபெறுவது வழக்கம். தற்காலக் கலையை விரும்புவோருக்கென 2019 டிசெம்பரிலே நவீன சமகாலக் கலைக்கான நூதனசாலை ஒன்று தொடங்கப்பட்டது. மும்மொழியிலும் விளக்கம் எழுதிவைக்கும் நல்வழக்கத்தை அது கைக்கொண்டது.

எம் மகள் உயர்தரத்திலே தமிழும் இந்து நாகரிகமும் சித்திரமும் எடுத்தாள். கொழும்பிலிருந்து திரும்பிய மறுநாட் காலையிலேயே, பாயை விரித்து வாயிற் பனைகளின் முன் அமர்ந்துவிட்டாள். காய்ந்த ஓலைகள் எத்தனை என்று அவள் எண்ணிச் சொல்ல, நாமும் அருகே நின்று எண்ணினோம். இருவர் கணக்கும் ஒத்துவரவில்லை; மீண்டும் முதலிலிருந்து எண்ணினோம்.

அடுத்த தடவை கொழும்பிலே அலுவலிருந்தால், அதனோடு ஒரு நாளைக் கூட்டிக்கொள்க. கலா பொல கூடும் திகதியைப் பத்திரிகையிலே முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு அது மாறும். காலையிலே சந்தை, வெயிலேறினால் நூதனசாலை, மாலையிலே மறுபடியும் சந்தை என்று வகுத்துக்கொண்டால் கால் நோகாது. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிச் செல்க. படம் கீறுகின்ற பிள்ளையாயின் அதன் சித்திரக் கொப்பியையும் பையிலே வைக்க மறவற்க.