வண்டிக்கும் மூச்சு முட்டும்

நாகபுரியின் வேனில் எத்தகையது என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மே மாதத்தில் வெப்பம் 45 டிகிரியைத் தொடும் நாட்களில் மனிதரும் மாடும் நிழல் தேடுவர். நம் வீட்டுப் பழைய அம்பாசிடர் வண்டிக்கோ நிழலிலும் உய்வில்லாதிருந்தது.

அவ்வண்டி நம் தந்தையாரின் செல்வம். இரயில்வேயில் கார்டாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றபோது வந்த தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்துப் பழைய வண்டியாகவே வாங்கினார். அவ்வகை வண்டிகளின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. எனினும், சிறுநீரகம் பழுதுற்ற நம் அன்னையாரை வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பைப் பிறரிடம் விட அவர் இசையவில்லை. "நாற்பது ஆண்டு என்னோடு வந்தவளை நான்தான் அழைத்துப் போவேன்" என்பார்.

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு நண்பகல். இரயில்வே கேட் மூடியிருந்தது. காத்து நின்ற வண்டி இரைந்தது, இருமியது, அணைந்தது. கேட் திறந்ததும் பின்னால் நின்றோர் ஹாரனை முழக்க, தந்தையார் தள்ளாத வயதில் இறங்கி நம்மோடு வண்டியைத் தள்ளினார். அன்று மாலை சாவியை நம் கையில் கொடுத்து, "விற்றுவிடு, அப்பா" என்றார். அச்சொல் நம்மை உறங்கவிடவில்லை.

மறுநாள் ஒரு முதிய மராட்டிய மிஸ்திரியை நாடினோம். அவர் பானெட்டைத் திறந்து பார்த்து, "பாபுஜி, இது தன் சூட்டையே மூச்சாக இழுக்கிறது" என்றார். வெப்பமானியை வைத்துப் பார்த்தோம். வெளியே 43 டிகிரி. காற்று வடிகட்டியின் வாயிலோ 64 டிகிரி! சூடேறிய காற்று விரிந்து அடர்த்தி குன்றும். இக்கணக்கில் நூற்றுக்கு ஆறு பங்கு காற்று குறைகிறது. பெட்ரோல் அவ்வளவு குறைவதில்லையாதலால் கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடுகிறது. மேலும், அவ்வண்டியில் கார்புரேட்டருக்குக் கீழேயே புகை வெளியேறும் குழாய் அமைந்துள்ளது. இடையில் இருக்கவேண்டிய தடுப்புத் தகடு, முன்னர் நடந்த ஏதோ ஒரு பழுதுபார்ப்பில் கழற்றப்பட்டு மீண்டும் பூட்டப்படவில்லை. அதனால் பெட்ரோலும் கார்புரேட்டருக்குள்ளேயே கொதித்து ஆவியாயிற்று.

மருந்து எளிதே. அலுமினியத் தகடொன்றை வெட்டி இடையில் பொருத்தினார். வடிகட்டியின் வாயிலிருந்து, வெப்பம் தாங்கும் குழாயொன்றை முன்புறக் கிரில்லின் பின்வரை கொண்டுவந்து, வெளிக்காற்று நேரே புகுமாறு செய்தார். நம் இரயில்வேயில் ஓடிய டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின்களிலும், டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிரவைத்தே உள்ளே அனுப்பினர். பேரெஞ்சினுக்கு ஏற்ற நெறி சிற்றெஞ்சினுக்கும் ஏற்றதே.

நாமோ ஆர்வ மிகுதியால், "குழாயை இன்னும் தாழ்த்தி, பம்பரின் கீழ் வைத்தால் மேலும் குளிருமே!" என்றோம். மிஸ்திரி சினந்தார். "மழைக்காலத்தில் தெருவெள்ளம் உள்ளே போனால் என்ன ஆகும்? காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியுமா? கனெக்டிங் ராடு வளைந்துவிடும்" என்றார். குழாயின் அகலம் வடிகட்டியின் வாய்க்குக் குறையலாகாது, வளைவு மிகலாகாது, மின்விசிறியிலும் பெல்ட்டிலும் உரசலாகாது, வடிகட்டியை ஒருபோதும் நீக்கலாகாது. இவை அவர் நமக்கு விதித்த விதிகள். குளிர்காலக் காலைகளில் எஞ்சினுக்குச் சற்றே வெதுவெதுப்பான காற்று நலமாதலால், அப்போது குழாயைக் கழற்றிவிடவும் பணித்தார்.

வண்டியின் வேகம் கூடியதென்று நாம் பொய்யுரைக்க மாட்டோம். அதே வாரத்தில், அதே வெயிலில் வடிகட்டியின் வாயில் 48 டிகிரி இருந்தது, அவ்வளவே.

சாவியைத் தந்தையாரிடம் திருப்பிக் கொடுத்தோம். அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார். அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்கையில் அதே கேட் மூடியிருந்தது. நாம் பின்னிருக்கையில் மூச்சடக்கி அமர்ந்திருந்தோம். சரக்கு வண்டியொன்று நெடுநேரம் கடந்தது. எஞ்சின் சீராக ஒலித்துக்கொண்டிருந்தது. தந்தையார் அவ்வொலியிலேயே செவியை வைத்திருந்தார். கேட் உயர்ந்ததையும் அவர் காணவில்லை.

"கேட் திறந்தாயிற்று, போங்கள்" என்றார் அன்னையார்.