மயில்ராவணனின் வண்டுகள்

மூன்று வருஷங்களாக ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில், அத்திப்பட்டில் என் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில், நான்கு பேருக்காக ஒரு மந்திரவாதியை நடத்திக்கொண்டு வருகிறேன். 'நடத்துவது' என்பதைக் கூத்து நடத்துவதற்கும் சீட்டு நடத்துவதற்கும் நடுவில் எங்காவது வைத்துக்கொள்ளலாம். விளையாட்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி வெளியிட்டது. ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுகிறார்கள். மழை, காவலாளி, எதிரி என்று மற்ற எல்லாமாகவும் பேசுகிறவன் நடத்துபவன். சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும்.

என் மந்திரவாதி செத்தவன். லிச் என்று பெயர். பிணத்துக்கான பழைய ஆங்கிலச் சொல். 1975-இல் வந்த முதல் துணைநூலிலேயே இவன் இருக்கிறான். தன் உயிரை எடுத்து ஒரு பேழைக்குள் வைத்துவிட்ட படிப்பாளி. உடம்பை வெட்டிப்போட்டால் பத்து நாட்களுக்குள் புது உடம்போடு எழுந்துவிடுவான். (இது ஒன்றும் விசித்திரமில்லை. நவம்பரில் எங்கள் கவுண்ட்டருக்கு ஓய்வூதியக்காரர்கள் வந்து, தாங்கள் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்கிறார்கள். ஆள் எதிரில்தான் நிற்கிறார். உயிர் தாளில் இருக்கிறது.) 2014-இன் விதிநூல் இன்னொன்றும் சொல்கிறது: அந்தப் பேழைக்கு அவ்வப்போது பிறருடைய உயிர்களை இரையாகப் போடவேண்டும், தவறினால் அவன் உடம்பு உதிர்ந்துபோகும். அந்த நூலில் இலக்கியமாக எனக்குப் பட்ட இடம் இது ஒன்றுதான். சாகாமலிருக்க ஒரு செலவு ஆகிறது, அதை வேறு யாரோ கட்டுகிறார்கள். 1994-இலிருந்து அனல்மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கும் ஊரில் இதற்குப் பொழிப்புரை வேண்டியிருக்கவில்லை. அங்கே ஒப்பந்த வேலை செய்பவரின் மகன் ஒருவன் எங்களோடு ஆடுகிறான். "புரியுதுணா. கரண்டு அவங்களுக்கு, சாம்பல் நமக்கு" என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொண்டான்.

மேல்நாட்டுச் சரக்கு, வாழ்க்கையிலிருந்து தப்பித்தல் என்று இலக்கிய நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். உயிரை வெளியே வைத்தவன் நமக்குப் புதியவனா? 1868-இல் மேரி ஃப்ரேர் வெளியிட்ட தக்காணக் கதைகளில், அன்னா லிபெராட்டா டி சோசா என்ற ஆயா சொன்ன முதல் கதையில், பஞ்ச்கின் என்ற மந்திரவாதியின் உயிர் பச்சைக்கிளிக்குள் இருக்கிறது. ரஷ்யாவின் கொஷேய்க்குச் சாவு முட்டைக்குள் ஓர் ஊசியில். ஃப்ரேஸர் 'பொற்கிளை'யில் இவற்றையெல்லாம் வரிசையாக அடுக்கி, ஆதி மனிதனின் நம்பிக்கை என்று கணக்கை முடித்துக்கொள்கிறார். பெட்டி இருக்கும் இடத்தை வெளியே சொல்வது யார் என்பது அவருக்குப் பொருட்டில்லை. எனக்கு அதுதான் பொருட்டு.

மயில்ராவணனை எடுத்துக்கொள்வோம். வால்மீகியிலும் கம்பனிலும் இல்லாதவன். கூத்திலும் தோல்பாவையிலும் வாழ்ந்தவன். ராம லட்சுமணரைப் பாதாளத்துக்குத் தூக்கிப்போகிறான். அனுமன் எத்தனை தடவை அடித்தும் சாகவில்லை. அவன் உயிர் ஐந்து வண்டுகளில் இருப்பதைச் சொல்வது அவன் சிறைவைத்த சொந்தத் தங்கை. பஞ்ச்கினின் கிளியைக் காட்டிக்கொடுப்பதும் அவன் அடைத்து வைத்திருக்கும் பெண்தான். 1951-இல் வந்த 'பாதாள பைரவி'யில் எஸ்.வி. ரங்காராவின் நேபாள மந்திரவாதி பலியான பிறகு எழுந்து வருகிறானே, அது சீடன் கொண்டுவந்த மூலிகையால். வலியவனின் ரகசியம் அவன் வீட்டில் வேலைசெய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அமெரிக்க விதிநூல்களில் இது அநேகமாக இல்லை. கைகாக்ஸின் 'பயங்கரங்களின் கல்லறை' (1978) பொறிகளால் ஆனது. கடைசி அறையில் மண்டையோடு. வாய்விட்டு ஏதாவது கேட்பதற்கு அங்கே ஒரு மனுஷி இல்லை.

நடத்துபவனுக்கு ஒரு சபலம் உண்டு. பேழை இருக்குமிடம் என் மனசில் மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் சீக்கிரமே நெருங்கிவிட்டால், கிணற்றிலிருந்து கோபுரத்துக்கு மாற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது. சுவாரஸ்யம் கூடுமென்று சமாதானமும் சொல்லிக்கொள்ளலாம். நம் தொடர்கதைக்காரர்கள் வாராவாரம் செய்த காரியம்தான். ஆனால் கண்டுபிடிக்க முடியாதபடி ஒளித்துவைத்தால் அதற்குப் பிறகு அது கதையில்லை, வெறும் அதிகாரம். அதனால் ஆட்டம் தொடங்குமுன்பே இடத்தை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின்மேல் குறுக்காகக் கையெழுத்திட்டு, அந்தப் பையனின் பெரியம்மாவிடம் கொடுத்துவைத்தேன்.

"என்னா தம்பி இது?"

"ஒரு மந்திரவாதியோட உசுரும்மா."

"மயில்ராவணனா? வண்டு பறந்துறப் போவுது" என்று அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் செருகிவைத்தார். அதற்குப் பிறகு கேட்கவேயில்லை.

நால்வரும் இதுவரை அவனை இரண்டு தடவை கொன்றிருக்கிறார்கள். இரண்டு தடவையும் பரோட்டா வாங்கிக் கொண்டாடினார்கள். இப்போது அவனை வெட்டக்கூடிய ஒரு வாளைத் தேடி வடக்கே போகத் திட்டம். கோட்டையில் சாம்பல் கூட்டும் பெண் ஒருத்தியை முதல் வாரத்திலிருந்தே வைத்திருக்கிறேன். அவர்கள் உள்ளே போகும்போதெல்லாம் துடைப்பத்தோடு அங்கேதான் நிற்கிறாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளின் உயிர்களும் அந்தப் பேழைக்குள் போயிருக்கின்றன. கேட்டால் சொல்லிவிடுவாள், பகடைகூட உருட்ட வேண்டாம். அவளிடம் இதுவரை கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: வாசல் எந்தப் பக்கம்?

போன ஞாயிறு, மற்றவர்கள் ரயிலைப் பிடிக்க இறங்கிப்போன பிறகு, பையன் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தப் பெருக்குற அம்மா பேரு என்னணா?" என்றான்.

சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டு போனான்.