உள்ளே ஆறிய புண்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, இலக்கியம் பற்றி எழுதவே எண்ணினோம். ஆயினும் எம் உடல் எமக்குக் கற்பித்த பாடமொன்று முந்திக்கொண்டது.

2022 ஆம் ஆண்டில், கட்டியொன்றன் காரணமாக எமது வலது நுரையீரலின் மேன்மடல் சத்திரசிகிச்சையால் அகற்றப்பட்டது. அம்மடலுக்குச் சென்ற மூச்சுக்கிளையின் வாயைத் தைத்து மூடினர். சில கிழமைகளில் வெளிப்புண் ஆறியது. கண்டோர் யாவரும் சுகமாயிற்று என்றனர். ஆறாம் கிழமையில் இருமல் தொடங்கிற்று. குரலே பிழைப்பாகிய எமக்கு நெஞ்சு நடுங்கியது.

"சேர், வெளிப்புண்ணைக் கொண்டு உட்புண்ணை மதிக்க முடியாது, பார்த்தே சொல்லவேண்டும்" என்றார் வைத்தியர். அவர் ஒருகால் எம்மிடம் இலக்கணம் பயின்றவர். மூச்சுக்கிளைக்குக் குருதி தருவன மெல்லிய நாளங்கள். குருதி குன்றினால் தைத்த இடம் வெளிறிக் கறுத்துப் பிரியும். காற்றும் கிருமியும் நெஞ்சறையுட் புகும் என விளக்கினார்.

நுரையீரல் மாற்றுச் சிகிச்சையையும் நெடுங்காலம் தடுத்தவற்றுள் இவ்விடர் தலையாயது. 1963 இல் அமெரிக்காவில் முதன்முதல் மாற்று நுரையீரல் பெற்றவர் 18 நாள்களே வாழ்ந்தார். பின்வந்தோர் பலருக்கு மூச்சுக்கிளையின் இணைப்பு ஆறவில்லை. 1983 இல் ரொறன்ரோவில் கூப்பர் என்னும் வைத்தியரும் குழுவினரும், குடலைப் போர்த்திருக்கும் கொழுப்புத்திரையை மேலே இழுத்து அவ்விணைப்பைச் சுற்றினர். அத்திரையின் குருதி இணைப்பைக் காத்தது. நோயாளர் ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

குறித்த நாளில் எம் தொண்டையை மரக்கச்செய்து, மூக்கின்வழியே பிரொங்கோஸ்கோப்பை இறக்கினர். யப்பானிய வைத்தியர் இக்கேடா 1966 இல் அறிமுகஞ்செய்த, வளைந்து செல்லும் கருவியின் வழிவந்தது அது. ஒருகால் எம் சிவப்பு மைக்கு அஞ்சியிருந்தவர் இன்று எம்மைப் பரீட்சிக்க, யாம் அசையாது கிடந்தோம். தையலிடம் இளஞ்சிவப்பாய், பிளவின்றி இருந்தது. இருமல் சளியால் வந்ததே. "சித்தி அடைந்துவிட்டீர்கள், சேர்" என்றார். யாம் விடைகூறக் குரலின்றிக் கைகூப்பினோம்.

அழகிய கையெழுத்தைக் கண்டு மயங்கி, விளங்காத விடைக்கும் புள்ளி வழங்கிய நாள்கள் அன்று நினைவுக்கு வந்தன. இப்பொழுது வகுப்பில் "விளங்கிற்றா?" என்று கேட்டு, "ஓம், சேர்" என்ற விடையோடு அமைவதில்லை. இன்னொரு வினாவும் கேட்கின்றோம்.