தங்கம் போன ஊரில் ஒரு நோட்டுப் புத்தகம்

'பங்காரப்பேட்டையில இறங்கி வண்டி மாறணும். தூங்கிடாதே, அப்புறம் பெங்களூர்லதான் கண் முழிப்பே!' என்று அத்தை போனில் மூன்று தடவை எச்சரித்திருந்தாள். என் தூக்கத்தின் மேல் அத்தைக்கு அவ்வளவு நம்பிக்கை!

கிளை ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பையன், என் பையையும் தொப்பியையும் பார்த்துவிட்டு, 'கே.ஜி.எஃப். படம் எடுத்த இடம் பார்க்கப் போறீங்களா சார்?' என்றான். அந்தக் கன்னடப் படம் 2018-ல் வந்தது. 2024-ல் நம்ம 'தங்கலான்' வேறு. படம் பார்த்தவர்களுக்குக் கோலார் தங்கவயல் என்றால் துப்பாக்கிச் சத்தம். எனக்கு அது அத்தை வீட்டு ராகிக் களி.

கோரமண்டல், உரிகம், சாம்பியன், கடைசியில் மாரிகுப்பம். நான் இறங்கியபோது சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் அறுபதுக்கு மேலே, இல்லாவிட்டால் பத்துக்குக் கீழே. நடு வயசுக்காரர்களை யாரோ ஒட்டுமொத்தமாகக் கடத்திக்கொண்டு போன மாதிரி இருந்தது.

'எங்கே அத்தை, ஊரையே காணோம்?'

'ஊரு பெங்களூருக்குப் போயிருக்கு. ராத்திரி வரும்' என்றாள் அத்தை, காபியை ஆற்றிக்கொண்டே.

ஒரு காலத்தில் கதையே வேறு. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து தோண்ட ஆரம்பித்ததும், வட ஆற்காடு, சித்தூர் பக்கமிருந்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். 1902-ல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூர்க்காரர்கள் 1905 வரை மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்! சாம்பியன் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. 120 வருஷத்தில் வெளியே வந்த தங்கம் 800 டன்னுக்கு மேல். எடுக்கிற செலவு தங்கத்தின் விலையைத் தாண்டிப் போய்விட, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள்.

அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, 29 வருஷம் கீழே இறங்கி ஏறியவர். இப்போது வாசல் திண்ணையிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குகிறார். நுரையீரலில் பாறைத் தூசி. 'கீழே பாறையே சுடும் மாப்ளே. திடீர்னு அழுத்தம் தாங்காம வெடிக்கும். மேலே வீட்டுல பாத்திரம் ஆடும். உடனே தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவாங்க' என்றார். அத்தை காபி டம்ளரைக் கழுவியபடி, 'நான் ஏழு தடவை ஓடியிருக்கேன்' என்றாள், கணக்கு ஒப்பிக்கிற மாதிரி.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் 'ஊர்' வந்தது. டிபன் பாக்ஸ் சத்தத்தோடு தெரு முழுக்க ஆட்கள். அத்தை மகளும் வந்தாள், அவள் பெண்ணும் வந்தாள். அம்மா பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறாள். பெண், சிவில் இன்ஜினீயரிங் மூன்றாவது வருஷம். இரண்டு பேரும் ஒரே ரயில். சாப்பிட்ட கையோடு பெண் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

அட்டையில், 'என் ஊருக்கு என்ன செய்யலாம்?'

முதல் பக்கத்தைத் திருப்பினேன். 'மெட்ரோ ரயில்' என்று எழுதி, மேலே நாலு கோடு போட்டு அடித்திருந்தது.

'அது ஃபர்ஸ்ட் இயர்ல எழுதினது மாமா. அப்போ நான் சின்னப் பொண்ணு' என்றாள் வெட்கத்தோடு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவளே கைடு. முதலில் சயனைடு மேடு. தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய பாறை மாவைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றல்ல, பெரிசாகவே 13. மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேல். தூரத்திலிருந்து பார்த்தால் ராஜஸ்தான் பாலைவனம் மாதிரி அழகாகத்தான் இருக்கிறது, சினிமாக்காரர்கள் சும்மா வரவில்லை! காற்று அடிக்கிற மாசத்தில் அது கொடியில் காயும் புடவைக்கும், மூடாத ரசத்துக்கும் வந்துவிடும் என்றாள். நோட்டில் இதற்கு ஆறு பக்கம். எந்தப் புல் இந்த மண்ணில் வேர் பிடிக்கும், எந்தப் பக்கச் சரிவில் முதலில் நட வேண்டும், காற்று எந்தத் திசை, எல்லாம் படம் போட்டு வைத்திருக்கிறாள்.

'இதுல இன்னும் தங்கம் இருக்குதாமே?'

'இருக்கு. அதை எடுக்கக் கர்நாடக அமைச்சரவை 2024-ல சம்மதம் கொடுத்திருக்கு. எடுக்கட்டும் மாமா, நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா கிளறினா தூசி இன்னும் கிளம்பும். தண்ணி தெளிச்சுக்கிட்டே தோண்டணும், தோண்டின இடத்தை மூடணும், எங்க ஆளுங்களுக்குத்தான் முதல்ல வேலை கொடுக்கணும். மூணும் எழுத்துல வேணும்.'

இந்த வயசில் நான் எழுத்தில் கேட்டதெல்லாம் ஹாஸ்டல் மெஸ்ஸில் இரண்டாவது அப்பளம்தான்.

அடுத்தது ஷாஃப்ட். துருப்பிடித்த இரும்புக் கோபுரம், உச்சியில் ராட்சசச் சக்கரம். பம்பை நிறுத்தியதும் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டதால் இறங்க முடியாது. மேலேயே மியூசியம் வைக்கலாம் என்கிறாள். வேல்ஸ் நாட்டில் பிளேனவான் என்று ஒரு ஊர். அங்கே 'பிக் பிட்' நிலக்கரிச் சுரங்கத்தை 1980-ல் மூடினார்கள். மூன்றே வருஷத்தில் மியூசியமாகத் திறந்து, அங்கே வேலை பார்த்தவர்களையே கைடு ஆக்கினார்கள். 2000-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் அந்த ஊர் சேர்ந்தது. 'நம்ம தாத்தாவை விட நல்ல கைடு கிடைப்பாங்களா? ஆனா சீக்கிரம் செய்யணும் மாமா.'

ஏன் சீக்கிரம் என்று நான் கேட்கவில்லை. அவளே போனை எடுத்துக் காட்டினாள். 23 பெரியவர்களின் குரலைப் பதிவு பண்ணி வைத்திருக்கிறாள். எல்லாரும் கீழே இறங்கியவர்கள். பதிவு பண்ணிய பிறகு இரண்டு பேர் இறந்துவிட்டார்கள்.

இன்னொரு சமாசாரம். வானத்திலிருந்து வந்து பூமியையே துளைத்துக்கொண்டு போகும் நியூட்ரினோ என்கிற துகளை, 1965-ல் உலகத்திலேயே முதன்முதலில் பிடித்துக் காட்டியவர்களில் இந்தச் சுரங்கத்துக்குள், 2 கிலோமீட்டருக்கும் கீழே, கருவி வைத்த விஞ்ஞானிகளும் உண்டு. அதே வருஷம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பிடித்தார்கள். 'ஸ்டேஷன்லயே ஒரு பெரிய போர்டு வைக்கணும்' என்கிறாள். நியாயம்தானே? சென்னையில் நடிகர் டீ குடித்த கடைக்கே போர்டு இருக்கிறது.

இதையெல்லாம் விட என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ரயில் பற்றிய பதினோரு பக்கம்தான். அதில் ஒரு கணக்கு: தினம் 5 மணி நேரம் பிரயாணம், வருஷத்துக்கு 220 நாள். டிகிரி முடிப்பதற்குள் ராத்திரி பகல் சேர்த்து 183 நாளை அவள் ரயிலிலேயே கழித்திருப்பாள். ஆறு மாசம்!

அதற்கு அவள் சொல்லும் வழி கூடுதல் ரயில் இல்லை. சும்மா கிடக்கிற பழைய கட்டடம் ஒன்றில் நாற்காலி, மேஜை, இன்டர்நெட், ஜெனரேட்டர் போட்டு, பெங்களூர் கம்பெனி வேலையை வாரத்தில் இரண்டு நாள் இங்கேயே உட்கார்ந்து பார்க்கிற மாதிரி செய்யணும்.

'2020-ல கொரோனா வந்தப்போ பார்த்தேன் மாமா. வீட்டுலேர்ந்தே வேலை செய்யச் சொன்னாங்க இல்லே? லாக்டவுன் தளர்ந்ததும் எங்க தெரு டீக்கடையில அவ்வளவு கூட்டம். ஆபீஸ் திறந்ததும் கடைக்காரர் மறுபடி ஈ ஓட்டுறார். சம்பளம் பெங்களூர்ல வாங்கிக்கட்டும். டீக் காசு, முடி வெட்டுற காசு, செருப்பு தைக்கிற காசு இங்கே விழணும்.'

பெரிய பெரிய திட்டங்கள் நிறையப் படித்திருக்கிறேன். டீக்கடையிலிருந்து ஆரம்பித்த திட்டம் இதுதான் முதல் தடவை. மியூசியம் முப்பது பேருக்குச் சோறு போடலாம். இது ஆயிரம் பேரை இரண்டு நாள் ஊரில் பிடித்து வைக்கும். ஜெனரேட்டருக்கு டீசல் யார் ஊற்றுவது என்று கேட்டேன். அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள்.

ராத்திரி வீட்டில் வேறு மாதிரி காற்று அடித்தது. அத்தை மகள் என்னிடம், 'நீங்களாவது அப்பாகிட்ட சொல்லுங்க அத்தான். பெங்களூர்ல ஒரு வீடு பார்த்திருக்கேன். அட்வான்ஸ் மட்டும்தான் பாக்கி. எல்லாரும் போயிடலாம்' என்றாள். இந்த லைன் வீட்டுக்குப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. சொந்தமில்லாத சுவருக்கு யார் சுண்ணாம்பு அடிப்பது? மழைக்கு நாலு இடத்தில் பாத்திரம் வைக்கிறார்கள்.

மாமா பேசாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்தான் நோட்டை நீட்டி, 'அம்மா, இன்னும் கொஞ்ச நாள்...' என்று ஆரம்பித்தாள்.

'உனக்கு நாலு வருஷக் கணக்கு. எனக்குப் பதினேழு வருஷம். வருஷத்துக்கு 280 நாள். அதையும் போட்டுப் பாரு.'

பெண் பென்சிலை எடுத்தாள். போட்டாள். ஆயிரம் நாளுக்குக் கொஞ்சம் குறைவு. நோட்டை மூடி வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வெகு நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில், டிகிரி முடிகிற வரைக்கும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை என்று ஒப்பந்தமானது. ஜெயித்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை மட்டும் எழுந்து போய் மறுநாளைக்கு அரிசி களைந்து வைத்தாள்.

திங்கள்கிழமை விடியுமுன்னே மாரிகுப்பம் ஸ்டேஷன். இருட்டில் அத்தனை ஜனம்! உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் அத்தை மகள் பெண்ணின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பெண் தோளை அசைக்காமல், ஒற்றைக் கையால் நோட்டைப் பிரித்து 'டீசல்' என்று தலைப்பு எழுதினாள்.

பங்காரப்பேட்டையில் நான் இறங்கும்போது ஜன்னல் வழியே குரல் வந்தது.

'மாமா, பத்திரிகையில எழுதுங்க. ஆனா அந்த மெட்ரோ ரயில் விஷயத்தை மட்டும் எழுதிடாதீங்க!'