வானவன்மாதேவி ஈச்சரமும் எங்கள் ஊர்க் கோயிலும்

1978 ஆம் ஆண்டு, வேறொரு செய்திக்காகப் பொலனறுவைக்குச் சென்றிருந்த நான், மாலையில் கிடைத்த ஒரு மணி நேரத்தில் இரண்டாம் சிவ தேவாலயத்தைப் பார்க்கப் போனேன். தொல்பொருளாளர்கள் எண்ணிட்டு அழைக்கும் அக்கோயிலுக்குச் சோழர் சூட்டிய பெயர் வானவன்மாதேவி ஈச்சரம். சோழ அரசி ஒருத்தியின் பெயர் அது.

மிகச் சிறிய கோயில்தான். ஆயினும் அதிட்டானம், சுவர், பிரஸ்தரம், கிரீவம், சிகரம் என்று விமானத்தின் உறுப்புகள் யாவும் கல்லிலேயே அமைந்திருக்கின்றன. 1070 இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றிய பின்னரும், தலைநகரே காடாகிய பின்னரும் அது நிலைத்ததற்குக் காரணம் அதுவே. அதனிலும் நுணுக்கமான வேலைப்பாடு கொண்ட முதலாம் சிவ தேவாலயத்தின் மேற்கட்டு செங்கல்லால் ஆனது, அது சரிந்துவிட்டது. சுவர்கள் மட்டும் நிற்கின்றன.

பொலனறுவையின் மண்ணுக்குள்ளிருந்து எச். சி. பி. பெல் வெளிக்கொணர்ந்த நடராசரையும் சுந்தரரையும் கொழும்பு நூதனசாலையில் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனந்த குமாரசுவாமி 1914 இல் அவ்வெண்கலங்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். கண்ணாடிப் பேழையில் வியந்த அவ்வுருவங்கள் விளக்கொளியில் எப்படித் தோன்றியிருக்கும் என்பதை அந்தக் கருவறையின் இருளில் நின்றபோதுதான் ஊகிக்க முடிந்தது. உள்ளே லிங்கத்தின் மீது யாரோ வைத்த நித்தியகல்யாணிப் பூக்கள் வாடாமல் இருந்தன.

இவ்வளவும் அறிந்தவன் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும்.

2003 இல் எங்கள் ஊர்க் கோயிலின் திருப்பணிக்கு வெளிநாட்டுப் பணம் தாராளமாக வந்தது. பொழிகல்லாற் கட்டிய பழைய மண்டபத்தை இடித்துச் சீமெந்தில் பெரிதாக எழுப்புவது என்று முடிவாயிற்று. அந்தத் தூண்களில் பெருஞ்சிற்பம் எதுவும் இல்லை. தாமரை மொட்டும் நாகபந்தமும் மாத்திரமே. வெயிற்காலத்தில் அதனுள் குளிர்ச்சியாக இருக்கும். சிறுவயதில் பூசை முடியும்வரை அத்தூண்களில் சாய்ந்து உறங்கியிருக்கிறேன். கும்பாபிஷேக மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தார்கள். "தம்பி, நீங்கள் பேப்பர்க்காரர், வடிவாய் எழுதுவியள்" என்றார் ஒரு பெரியவர். ஆகமமும் சோழர் கலையும் கலந்து நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இடிக்க வேண்டாம் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. ஊரோடு முரண்பட மனமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல எனக்கு இல்லை.

பின்னர் சென்றபோது அத்தூண்களில் இரண்டு தீர்த்தக் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் கல்லாகக் கிடந்தன. மற்றவை மதிலின் அத்திவாரத்துக்குள் போய்விட்டனவாம். புதிய மண்டபத்தில் மின்விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன.

மலரின் பிரதி ஒன்று இன்னும் என்னிடம் உண்டு. தர்மகர்த்தாக்கள், நன்கொடையாளர், புதிய கோபுரம் என எத்தனையோ வர்ணப் படங்கள். பழைய மண்டபத்தின் படம் ஒன்றேனும் இல்லை.